தலைமையாசிரியர் ருசி பார்த்த களி

ஒரு காட்டில், ஆற்றங்கரைப் புங்கமரத்தடியில், குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே மதியச் சாப்பாடு சமைத்தது ஒரு கரடி. பெயர் வெள்ளையம்மா, நிறம் என்னவோ அடுப்புக்கரிதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். குட்டிகள் சாப்பிடுமுன் சமைத்தவள் வாய் வைக்கக் கூடாது, எச்சிலாகிவிடுமாம். அதனால் தலைமையாசிரியர் மலையப்பர்தான் முதல் வாய் ருசி பார்ப்பார். அவர் ஒரு வரையாடு. தாடியை ஒதுக்கிக்கொண்டு மென்று பார்த்து, "பிரமாதம்" என்பார். அதன் பிறகே குட்டிகள் பந்தியில் உட்காரும்.

வெள்ளையம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும், மனசு நிறைந்துவிடும். கேழ்வரகுக் களியில் கீரையைப் போடுவாள், பயறைப் போடுவாள், குட்டிகள் திடமாக வளரட்டும் என்று வேப்பங்கொழுந்தையும் ஒரு கை அரைத்துக் கலப்பாள். தனக்கென்று ஒரு வாய்கூட வைத்துக்கொள்ளாமல் அத்தனையையும் குட்டிகளுக்கே பரிமாறிவிடுவாள். சாப்பிட்ட தேக்கிலைகளைக் குட்டிகளே மடித்துப் புதருக்குப் பின்னால் போட்டுவிடும். அவள் பானை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பந்தி நடந்த இடத்தில் துளிக் களிகூடக் கிடக்காது.

ஆனால் குட்டிகள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போயின. அணில்குட்டி பாடத்தின் நடுவே தூங்கி விழுந்தது. முயல்குட்டிக்குக் காதைத் தூக்கி நிறுத்தக்கூடத் தெம்பில்லை. ஒருநாள் காலை வரிசையில் நின்றிருந்த சருகுமான்குட்டி பொட்டு, அப்படியே மயங்கிச் சரிந்தது.

பொட்டுவின் அம்மா ஓடி வந்தாள். நேரே அடுப்படிக்குத்தான் போனாள். "நாலு மலை தாண்டி இவளை அனுப்புறதே ஒரு வேளையாவது வயிறு நிறையும்னுதான். அதுவும் இல்லேன்னா எதுக்கு அனுப்பணும்? இந்த வாரத்தோட நிறுத்திடுறேன்."

வெள்ளையம்மாவுக்குத் தலை சுற்றியது. சாப்பாடு பிரமாதம் என்கிறார் ஐயா. தரையில் துளிக் களி மிச்சமில்லை. குட்டியோ மயங்கி விழுகிறது. திருப்பித் திருப்பி யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், சத்துத்தான் குறைகிறது போலும் என்று முடிவு கட்டி, மறுநாள் வேப்பங்கொழுந்தை இரண்டு கையாகப் போட்டாள். ஐயா பிரமாதம் என்றார். பொட்டுவின் கண் இன்னும் உள்ளே போயிருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று கை போட்டாள்.

அன்று மலையப்பர் வழக்கத்தைவிட நெடுநேரம் மென்றார்.

"பிரமாதம், வெள்ளையம்மா. அதுலயும் அந்த நார்நாரா ஒரு காய் போட்டிருக்கியே, அது ரொம்ப ஜோர். நாளைக்கும் போடு."

என்ன காய்? அவள் எந்தக் காயும் போடவில்லையே. குழப்பத்தோடு கரண்டியைத் தேய்க்கப் போனவள், பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரைத் தேடினாள். பானை விளிம்பில்தான் வைத்திருந்தாள். காணோம்.

திரும்பி ஐயாவைப் பார்த்தாள். அவர் தாடியில் ஒரு நார் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாரையே ஜோர் என்கிற நாக்குக்கு எதுதான் பிரமாதமாக இருக்காது? வெள்ளையம்மா பந்தியின் கடைசியில் இருந்த பொட்டுவைக் கூப்பிட்டு ஒரு வாய் களி கொடுத்தாள். குட்டியின் முகம் கோணிப்போனது.

"கசக்குது அத்தை. உப்பும் இல்ல. நாங்க யாருமே சாப்பிடறதில்ல. இலையோட மடிச்சுப் புதருக்குப் பின்னால போட்டுடுவோம்."

"இதை ஏன்டா கண்ணு யாரும் எங்கிட்ட சொல்லல?"

"ஐயாவே நல்லா இருக்குன்னாரு. எங்க நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சோம்."

குட்டி வாய் வைத்தாகிவிட்டது, இனி எச்சில் என்ற பேச்சில்லை. வெள்ளையம்மா தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். விழுங்க முடியவில்லை. இதையா இத்தனை நாளும் இந்தப் பிஞ்சுகளுக்குப் போட்டோம் என்று அழுகை வந்தது. அழ நேரமில்லை. குட்டிகள் பசியோடு உட்கார்ந்திருந்தன. அவசரமாக வேர்க்கடலையை வறுத்து, வெல்லத்தோடும் வாழைப்பழத்தோடும் அன்றைய பசியை ஆற்றினாள்.

மறுநாள் அதே கேழ்வரகு, அதே கீரை, அதே பயறு. வேப்பங்கொழுந்து மட்டும் இல்லை, உப்பு இருந்தது. முதல் வாய் பொட்டுவுக்கு.

மலையப்பருக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ நான் என்ன பண்றது?"

"நீங்க கடைசியா ருசி பாருங்க ஐயா, மிச்சம் இருந்தா."

அன்று மிச்சம் இல்லை. குட்டிகள் இலையை நக்கியே முடித்திருந்தன. வார முடிவில் பொட்டுவை நிறுத்த வந்த அம்மா, பந்தியில் மகள் இரண்டாம் முறை இலையை நீட்டுவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

நீதி: யார் பசிக்குச் சமைக்கிறோமோ, ருசியை அவர்கள் நாக்கிடமே கேட்க வேண்டும்.