முதலாளிக்கு ஏத்த காரு

திருப்பூர்ல பனியன் கம்பெனி நடத்துற குழந்தைவேலு முதலாளிக்கு ஓயாத இடுப்பு வலி. அளவுல சின்னதா, சொகுசுல பெருசா ஒரு எஸ்யூவி வாங்கணும்னு அலைஞ்சாரு. ஆனா யாரைக் கேட்டாலும் அவனவன் காரைத்தான் ஆஹா ஓஹோங்கறான். யாரை நம்பறது?

ஒரு கல்யாண மண்டபத்துல டிரைவர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டாரு.

"நான் சாப்பிட்டு எந்திரிக்கறதுக்குள்ள, நெசமாவே திருப்தியா இருக்கற ஓனர் யாருன்னு சொல்லோணும். தப்பாச் சொன்னீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

வலி அவருக்காம், வேலை போறது இவளுக்காம்! என்ன நியாயமோ!

வாசல்ல நின்ன முதலாளியோட மச்சான் துரைசாமிகிட்ட, அவரோட சின்ன எஸ்யூவி எப்படின்னு ஜெசிந்தா கேட்டா.

"எங் காரா? தொட்டில்ல ஆட்டற மாதிரி இருக்கும் புள்ள!"

"அப்படிங்களா! எங்க முதலாளிக்கு உங்க காரே வேணுமாம். இப்பவே குடுப்பீங்களாண்ணா?"

அவரு பையில கை விட்டதுதான் தெரியும், சாவி அவ கையில இருந்துச்சு.

அடுத்து, அதே மாதிரி சின்ன எஸ்யூவி வெச்சிருக்கற டாக்டர் மரகதம். "என்ன காரு போ! பின்னாடி ரெண்டு பொட்டி வெச்சா நெறஞ்சு போகுது."

ஜெசிந்தா அதே கேள்வியைக் கேட்டா. அந்தம்மா சாவியைக் கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்தாங்க.

"எம் முதுகுக்கு ஒத்துக்கிட்ட காரு இது ஒண்ணுதான். வேற ஆளைப் பாரும்மா."

ஜெசிந்தா நேரா பந்திக்குப் போயி, மச்சான் சாவியை முதலாளி எலைக்குப் பக்கத்துல வெச்சா.

"புகழ்ந்தவரு சாவியையே குடுத்துட்டாருங்க. கொறை சொன்ன டாக்டரம்மா குடுக்கவே மாட்டேங்கறாங்க. எந்தக் காருன்னு நீங்களே சொல்லுங்க."

பக்கத்து எலையில வந்து உக்காந்த மச்சான், பாயசத்துல முந்திரி தேட ஆரம்பிச்சாரு.

முதலாளி கையைக்கூடக் கழுவாம எந்திரிச்சாரு. "டாக்டரம்மா எங்கம்மா நிக்கறாங்க?"