தட்டிவிட்டு நிற்பது

அம்மையப்பன் முப்பது வருஷம் கதவு செய்தவர். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு வீணை செய்யும் ஆசை வந்துவிட்டது. தஞ்சாவூரில் தையல்நாயகியின் பட்டறையில் சிஷ்யனாகச் சேர்ந்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. அவர் குருவை ‘ஆசாரியம்மா’ என்பார், குரு அவரை ‘அண்ணே’ என்பார். கேட்பவர்கள் யாரோ ஆசாரியின் மனைவி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசாரியே அந்த அம்மாதான்.

உளி பிடிப்பதில் அம்மையப்பனிடம் குறை சொல்ல முடியாது. கட்டை பொறுக்குவதில்தான் சறுக்கினார். வீணைக்குப் பலா என்பது ஊருக்கே தெரியும். ஆனால் எல்லாப் பலாவும் பாடிவிடாது. அவர் முதலில் பொறுக்கிய கட்டை குருவின் வீட்டில் மணைப்பலகை ஆனது. இரண்டாவது முக்காலி ஆனது. மதியம் அந்த மணையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அவருக்குச் சோறு இறங்காது.

“மூணாவதும் தப்பாப் போச்சுன்னா நீங்க கதவுக்கே போயிடுங்கண்ணே. மரம் பாவம்” என்று தையல்நாயகி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்தாலும் சொன்னது சொன்னதுதான். அம்மையப்பன் தன் உளிப்பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டியபடியே வைத்திருந்தார்.

அன்று காலை கொல்லையில் ஏழு பலாக்கட்டைகள் காத்திருந்தன. அம்மையப்பன் விரல் முட்டியால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். ஏழையும் தட்டி முடிக்க அரை நிமிஷம் ஆகவில்லை.

“இதுதான்” என்று நாலாவது கட்டையைக் காட்டினார்.

“ஏன் இது?”

“கணு இல்ல, வெடிப்பு இல்ல. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு. இதுல கதவு போட்டா நூறு வருஷத்துக்கு ஒரு சத்தம் போடாது, ஆசாரியம்மா.”

“வீணை சத்தம் போடணுமேண்ணே.”

அம்மையப்பன் திரும்பி சைக்கிளைப் பார்த்தார்.

“நீங்களும் தட்டுறீங்க, நானும் தட்டுறேன். உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரிய மாட்டேங்குது. நல்ல கட்டைய எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?”

தையல்நாயகி உள்ளே போய் ஒரு டம்ளரில் சுக்குக் காப்பி கொண்டுவந்தார்.

“எதிர்வீட்டு தபால்காரர் குழந்தைவேலு கால்ல மாவுக்கட்டோட படுத்திருக்கார். இதைக் கொடுத்துட்டு வந்துடுங்க.”

என் பிழைப்பே ஊசலாடும்போது காப்பியா என்று அம்மையப்பனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வரக் கால் மணி நேரம் ஆனது.

“என்னண்ணே, இவ்வளவு நேரம்?”

“கதவைத் தட்டினேன். அவர் கம்பை ஊனிக்கிட்டு வரணுமே.”

“எத்தனை தடவை தட்டினீங்க?”

“ஒரே தடவைதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நின்னேன். கம்பு ஊனுற சத்தம் லேசாக் கேட்டுது. முதல்ல உள்ள, அப்புறம் கூடத்துல, அப்புறம் நடையில. வந்துக்கிட்டே இருந்தார்.”

“நடுவுல இன்னொரு தட்டு தட்டியிருக்கலாமே?”

“தட்டினா அவர் வர்ற சத்தம் கேக்காதே!”

“சரி, தட்டிட்டு அடுத்த வீட்டுக்காவது போயிருக்கலாம்.”

அம்மையப்பன் சிரித்துவிட்டார். “கதவைத் தட்டிட்டு ஓடுறது சின்னப் பசங்க விளையாட்டு, ஆசாரியம்மா.”

“காலையில ஏழு வீட்டுல விளையாடினீங்களேண்ணே.”

அம்மையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு நடந்தார்.

நாலாவது கட்டையை ஒரு தட்டு தட்டிவிட்டு நின்றார். உள்ளே யாரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார். ஆறாவது கட்டை நிறம் மங்கி, ஒரு பக்கம் கோணி, பார்க்க லட்சணமே இல்லாமல் கிடந்தது. அதைத் தட்டினார். நின்றார். மெல்லக் குனிந்து காதை வைத்தார்.

தையல்நாயகி சைக்கிளிடம் போய் கேரியர் கயிற்றை அவிழ்த்தார்.

“அண்ணே, உங்க பெட்டிய எங்க வைக்கட்டும்?”

அம்மையப்பன் தலையைத் தூக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உதட்டில் வைத்தார்.

“உஷ். வந்துக்கிட்டிருக்கு.”