பதர் என்று பேர் வைத்தவள்

அந்தக் காலத்தில் நெல்லுக்கு வாய் இருந்தது. நடவுக்காரிகள் பாடினால் பயிரும் கூடவே பாடும். கதிரில் ஒரு மணிகூட வெறுமையாக இராது. அதனால் வெறும் மணிக்கென்று தனியாக ஒரு பேரும் கிடையாது. பதர் என்ற சொல் இருந்தது; ஆனால் ஒன்றுக்கும் உதவாத ஆளைத் திட்டத்தான் அதை வைத்திருந்தார்கள்.

வேலப்பர் வயலில் கிளி விரட்டும் வேலை செம்பாயிக்கு. புருஷன் காய்ச்சலில் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மடியில் மூன்று மாதப் பெண்குழந்தை. கூலியோ அறுப்பு முடிந்த பிறகுதான். வெறும் கீரையைத் தின்று எத்தனை நாளைக்குப் பால் சுரக்கும்? ஒருநாள் அடியோடு வற்றிவிட்டது. குழந்தை அழுது பார்த்தது. மத்தியானத்துக்குமேல் அழவும் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

கதிர்களுக்கு அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"ஏன் தாயி, பிள்ளை சத்தத்தையே காணோம்?" என்று கேட்டது, ஒரு கதிரின் அடியில் இருந்த மணி.

"எங்கிட்டப் பால் இல்லை. பிள்ளை இன்னிக்குப் பொழுதைத் தாண்டாது போலிருக்கு."

அடிமணிகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டன. "மேலே இருக்கிற அக்காமாரை விட்டுடு. அவங்க முத்தத் தொடங்கிட்டாங்க. நாங்க கடைசியாப் பொறந்தவங்க, இன்னும் பாலாத்தான் இருக்கோம். எங்களைப் பிழிஞ்சு குடு."

"அப்புறம் உங்க கதி?"

"களத்துல கேப்பாங்க. பிள்ளை உசிருக்குக் குடுத்ததுன்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

செம்பாயி தலையாட்டினாள். பத்து நாள் அந்தப் பாலில்தான் குழந்தையின் உயிர் தங்கியது. அதற்குள் பக்கத்து வயலில் அறுப்புத் தொடங்கி அவளுக்குக் கஞ்சி கிடைத்தது, பாலும் ஊறியது.

பிறகு வேலப்பர் வயலையும் அறுத்தார்கள். களத்தில் தூற்றும்போது காற்றோடு ஒரு குவியல் தனியாகப் போய் விழுந்தது. அவர் அள்ளிப் பார்த்தார். எல்லாம் வெறும் கூடு.

"என்ன புள்ள இது? காவலுக்கு நீதானே இருந்தே? யாரு கை வச்சது?"

வெறும் மணிகள் அவள் வாயையே பார்த்தன. உண்மையைச் சொன்னால் கூலி போகும், காவல் வேலையும் போகும். மறுபடி பால் வற்றும். மடியில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

"யாரும் கை வைக்கலீங்க," என்றாள் செம்பாயி. "அதுங்க பொறப்பே அப்படி. பதருங்க. தள்ளிடுங்க."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் குவியலைக் களத்து மூலையில் போட்டுக் கொளுத்தினார்கள். எந்த மணியும் வாய் திறக்கவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் அவள் இடத்தில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

அன்று முதல்தான் நெல் பேசுவதில்லை. கதிரின் அடியில் சில மணிகள் பால் இல்லாமலே நிற்கின்றன. அவற்றுக்கு அந்தப் பேரும் நிலைத்துவிட்டது. களத்தில் நெல் தூற்றும் பெண்கள் இன்றும் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். கேட்டால், தூசி என்பார்கள்.