இடுப்பளவு இறங்கிய கூரை

அந்தக் காலத்தில், பறவைகள் இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருந்தபோது, செம்மணல் மேடிட்ட தேரிக்காட்டு ஊர் ஒன்றில் முதன்முதலாகத் தபாலாபீஸ் கட்டினார்கள். மூன்று பக்கம் செம்மண் சுவர், முன்பக்கம் திறப்பு, மேலே பனையோலைக் கூரை. ஓலை வேய்ந்தது தூக்கணாங்குருவிக் கூட்டம். அவ்வளவு சுத்தமாகப் பின்ன அந்த வட்டாரத்தில் வேறு ஆளில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஞானமுத்து கொஞ்சம் பவிசுக்காரர். "கூரையை நல்லா தூக்கிப் போடுங்க. சர்க்கார் ஆபீசுக்குள்ள தலை நிமிந்து வரணும்" என்றார். குருவிகளும் தூக்கிப் போட்டன. தெருவில் நின்றாலே உள்ளே இருக்கும் மேசை, தராசு, வந்து நிற்பவர் முகம் எல்லாம் தெரிந்தது.

வேலை முடிந்ததும் ஒரு குருவி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அதற்கு வாய் சும்மா இருக்காது. யாருக்குக் கடுதாசி வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். கெட்ட எண்ணம் கிடையாது. பேசப் பிடிக்கும், அவ்வளவுதான்.

செல்லக்கனியின் புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். ஏழு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. திங்கட்கிழமைதோறும் அவள் வந்து நிற்பாள். போஸ்ட்மாஸ்டர் இல்லையென்று தலையாட்டுவார். உடனே குருவி, "செல்லக்கனிக்கு இன்னைக்கும் இல்ல" என்று கத்தும். எதிர்க்கடை பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பாவம், முகத்தை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? ஒரு திங்கள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை.

அதற்கப்புறம்தான் கொழும்புக் கடுதாசி வந்து சேர்ந்தது. அப்போதெல்லாம் ஆளே வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எட்டு நாளில் வாங்காவிட்டால் கப்பலேறித் திரும்பிவிடும். குருவி அவள் வீட்டுக்குப் பறந்தது.

"அக்கா, கடுதாசி வந்திருக்கு. எந்திரிச்சு வா."

செல்லக்கனி முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நான் வரல."

"இத்தன நாளு காத்துக் கெடந்தியே?"

"அதுல நல்லது இருக்கோ, கெட்டது இருக்கோ. பிரிக்காம வீடு வரைக்கும் கொண்டுவர எனக்குத் தெம்பு இல்ல. அங்கேயே பிரிச்சா, நான் படிச்சு முடிக்குமுன்ன என் மூஞ்சியப் பாத்து ஊரே படிச்சிரும். அதுக்கு அது திரும்பியே போகட்டும்."

ஊரைக் கூப்பிட்டுக் காட்டியது நீதானே என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குருவிக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்றே தன் கூட்டத்தைக் கூட்டி வந்தது. ஓலையைக் கிழித்து, நாரை இழுத்து, கூரையின் முன்விளிம்பைக் கீழே கீழே பின்னிக்கொண்டே வந்தன. ஏழாம் நாள் அது இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது.

"ஏலே, என்ன செய்யுத?" என்றார் போஸ்ட்மாஸ்டர். "எல்லாரும் குனிஞ்சுல்லா வரணும்?"

"ஒரு எட்டு குனியட்டும் ஐயா. உள்ள வந்து நிமிந்துக்கிடலாம். வெளியே எவனுக்கும் தெரியாது."

ஏழு மாதமாக அந்தப் பெண்ணுக்குத் தலையாட்டித் தலையாட்டி அவருக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. மேசையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்.

குருவி போய்க் கூரை இறங்கிய சேதியைச் சொல்ல, எட்டாம் நாள் செல்லக்கனி வந்தாள். குனிந்து உள்ளே போனாள். போஸ்ட்மாஸ்டர் கடுதாசியைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சேலைக் கொசுவமும் பாதங்களும் மட்டும்தான். அவை வெகுநேரம் அசையவில்லை.

"என்ன எழுதியிருக்கான், சொல்லேன்" என்று பெஞ்சிலிருந்து குருவியைக் கேட்டார்கள்.

விட்டத்தில் இருந்த குருவி கடுதாசியையும் பார்த்திருந்தது, அவள் முகத்தையும் பார்த்திருந்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டது.

செல்லக்கனி வேண்டிய மட்டும் நின்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து வெளியே வந்து, தன்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். குருவி சொல்லியிருந்தால்தானே எனக்குத் தெரியும்.

அன்று முதல்தான் ஓலைக் கூரைத் தபாலாபீஸ், வருகிறவர் முகத்தை முதலில் மறைத்துவிட்டு அதற்கப்புறமே கடுதாசியைக் கையில் கொடுக்கிறது. தூக்கணாங்குருவியும் நம்மோடு பேசுவதை அன்றே விட்டுவிட்டது.