காலிப் பெட்டியில் ஓடிய கேம்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சவுந்தரபாண்டியன், விலை சொல்லும்போது நம் கண்ணைப் பார்க்காத ஆசாமி. மாடிப்படிக்குக் கீழே கேம் சென்டர் நடத்தும் இசக்கி, அந்த இடுக்கில் அடங்குகிற சின்னக் கம்ப்யூட்டர் கேட்டு வந்தான். அவர் நீட்டியதோ கம்ப்யூட்டர் ஓடத் தேவையான ப்ராசஸர், ரேம், டிஸ்க் எதுவுமே இல்லாத, வெறும் மதர்போர்டு மட்டும் வைத்த பெட்டி.

"எல்லா கேமும் பறக்கும்டே! பறக்கலைன்னா சும்மா தூக்கிட்டுப் போ!" என்று பெட்டிக்கு ஒரு விலையும் சொல்லி, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினார்.

இசக்கி பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். கனமே இல்லை.

"ஒரு கேம் ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி. பார்த்துட்டு வாங்குதேன்."

இத்தனை பேர் முன்னால் மானம் போகலாமா? அண்ணாச்சி உள்ளே ஓடி, அலமாரியில் இருந்த பாகங்களையெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு வந்தார். திரையில் கார் ரேஸ் பறந்தது. கூட்டம் கைதட்டியது.

"சொன்னபடியே பறக்குதே! இப்படியே கட்டிக் குடுங்க." அவர் முதலில் சொன்ன விலையை இசக்கி மேசையில் வைத்தான்.

"ஏலே, உள்ள மாட்டினதுக்குத் தனி விலைடே!"

"அப்ப நீங்க முதல்ல நீட்டின பெட்டியில எதுவும் ஓடாதா? சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, அதைச் சும்மா தூக்கிட்டுப் போறேன்."

அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். தானே கயிறு எடுத்து, உள்ளே மாட்டியதோடு பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.