கை தூக்கச் சொன்ன மயிலேறும்பெருமாள்

கரிசல் சீமையில், வேலன்குறிச்சி முருகன் கோயிலின் வெளிப் பிரகாரத்தைக் கூட்டிவந்தவர் மயிலேறும்பெருமாள். விடியலில் கூட்டி முடித்துத் துடைப்பத்தை மூலையில் சாத்துவார். மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார். ஊர் ஹாக்கி அணிக்கு அவர்தான் கோச். அங்கும் முதல் வேலை நெருஞ்சி முள் பொறுக்குவதுதான். மைதானமும் அவருக்கு ஒரு பிரகாரமே.

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பந்து காலில் பட்டால் தப்பாட்டம். நடுவர் கவனிக்காவிட்டாலும், பட்டவன் தானே கை தூக்க வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். எவனாவது முணுமுணுத்தால் கோபுரத்தைக் காட்டுவார். “அங்க நம்ம அப்பன் கையத் தூக்கி, பயப்படாதேன்னு நிக்கான். நீ கையத் தூக்கப் பயப்படுதியேடே?”

ஒரு திருவிழாப் போட்டியின் இறுதியாட்டத்தில், அணியின் தடுப்பாட்டக்காரன் தவசிப்பாண்டி அப்படிக் கை தூக்கினான். எதிரணிக்கு, கோலை நோக்கி ஓங்கி அடிக்க வாய்ப்புத் தரும் பெனால்டி கார்னர் கிடைத்தது. அதில் கோல் விழுந்து ஊர் தோற்றது. பிறகு சும்மா விடுவார்களா? அவர் வீட்டுக் கதவில் செருப்பு மாலை தொங்கியது. டீக்கடையில் அவரைக் கண்டால் பால் தீர்ந்துபோகும். கோயில் அறங்காவலர் திருமலைக்கொழுந்து ஆள்கூட்டத்தில் வைத்தே சொன்னார்: “அடுத்த வருசமும் உம்ம சட்டத்தால தோத்தா, மட்டையும் கெடையாது, தொடப்பமும் கெடையாது. கோயில் வாசப்படிய மிதிக்கக் கூடாது, பாத்துக்கிடும்.”

மட்டை போனால் போகிறது. துடைப்பம் போனால் அந்த மனிதருக்கு வேறென்ன இருக்கிறது? ஆனாலும் அவர் சட்டத்தை மாற்றவில்லை. “கையத் தூக்குனா கார்னர் வரும். வரட்டும். தடுக்கப் படிப்போம்” என்று ஆண்டு முழுக்க அதையே பழக்கினார். ஐந்து பேர் கோல் வாசலில் நின்று, சீறி வரும் பந்தை எதிர்த்து ஓட வேண்டும். முழங்கால் வீங்கியது, பல் உடைந்தது. பையன்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஏசிக்கொண்டே பயத்தை மறந்தார்கள்.

மறு திருவிழா வந்தது. இறுதியாட்டத்தில் ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிடம். நெரிசலில் பந்து தவசிப்பாண்டியின் கால் கட்டைவிரலை உரசியது. நடுவர் பார்க்கவில்லை, ஊர் பார்த்துவிட்டது.

“கையத் தூக்காதல! தூக்குன, கால ஒடிப்போம்!”

அவன் தூக்கினான். நாலாபுறமும் கல் விழுந்தது. ஒன்று மயிலேறும்பெருமாளின் நெற்றியைக் கிழித்தது. அவர் கோபுரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார்னரில் இடிபோல் வந்த பந்தை, தவசிப்பாண்டி எதிரே ஓடி மட்டையில் வாங்கி வெளியே தள்ளினான். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஒலித்தது.

ஜெயித்த பிறகும் ஒருவர்கூட அவரைப் பாராட்டவில்லை. “கெழவன் தப்பிச்சான்” என்று முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

சாயங்காலம் மயில் வாகனத்தில் சுவாமி புறப்பாடு. மைதானத்து ஓரத்தில், நெற்றியில் கட்டுடன், பாதையிலிருந்த முள்ளைக் கூட்டிக்கொண்டிருந்தார் அவர். வாகனம் அங்கே வந்ததும், தோள் கொடுத்தவர்களுக்குக் கால் பெயரவில்லை. அறங்காவலர் அதட்டினார், அசையவில்லை. அபயம் காட்டித் தூக்கிய சுவாமியின் கையிலிருந்த மாலை நழுவி, குனிந்திருந்த மயிலேறும்பெருமாளின் கழுத்தில் விழுந்தது. அதன் பின்பே வாகனம் நகர்ந்தது.

திருமலைக்கொழுந்தின் முகம் கறுத்துப்போயிற்று. “நாளைக்கு வெள்ளன வாரும்வே. பிரகாரமெல்லாம் குப்பையாக் கெடக்கு” என்றார், வேறெங்கோ பார்த்து.

பந்து பட்ட காலை மறைக்காமல் கை தூக்கச் சொன்ன அந்த அடியாருக்கு அடியோமும் கை தூக்கிக் கும்பிடுகிறோம்.