மருதங்காட்டுச் சருகுகள்

வெகுகாலத்துக்கு முன்பு மலையோரத்து நாடு ஒன்றை மகுடவர்மன் என்றொரு அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் அவருக்கு ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

அரண்மனையை ஒட்டிய மருதங்காட்டில் வெறுங்காலோடு உலாவுவது அவர் வழக்கம். ஒருநாள் ஈரச்சருகு வழுக்கி, பரிவாரம் பார்க்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும், "இனி இங்கே ஓர் இலை கிடக்கக் கூடாது" என்றார்.

ஆட்கள் தினமும் கூட்டிச் சருகை மதிலுக்கு அப்பால் கொட்டினார்கள். அங்கே இருந்தது கோட்டைத் தலைவர் வில்லவராயரின் தோட்டம்.

சில ஆண்டுகளில் மருதமரங்கள் மஞ்சளாகி, உச்சிக்கிளைகள் காய்ந்தன. அப்போதுதான் வில்லவராயர் இரண்டு ஆள் தூக்கும் பூசணிக்காயோடு அவைக்கு வந்தார். அமைச்சர் பதவியின் மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"எல்லாம் என் கைராசி, மன்னா. காட்டைக் கவனிக்கும் அமைச்சர் இளங்காரிக்குப் பேச்சு மட்டும்தான் செழிப்பாக வளர்கிறது."

அரசர் அமைச்சரைப் பார்த்தார். "அமாவாசைக்குள் காரணத்தைக் கண்டுபிடியும். இல்லாவிட்டால் பதவியையும் நாட்டையும் விட்டுப் போய்விடும்."

"காரணம் பசி, மன்னா" என்றார் இளங்காரி. "மரங்களின் சோற்றை யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவருக்கு என்ன தண்டனை?"

"தலையில் சுமந்து வந்து திருப்பிப் போடட்டும்."

"யாராக இருந்தாலுமா?"

"யாராக இருந்தாலும்."

மறுநாள் காலை காட்டில் எல்லோரும் கூடினார்கள். ஆட்கள் ஒரு மரத்தடியில் தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியது. மரத்தைச் சுற்றிலும் வேர்கள் நலிந்து கிடந்தன. ஒன்று மட்டும் கொழுத்து மதில் பக்கம் ஓடியது.

"மரத்தால் நடக்க முடியாது. வேரால் முடியும்" என்றார் இளங்காரி. "சோறு போன பக்கம் போயிருக்கிறது."

"அமைச்சர் வேருக்குப் பின்னால் போகிறார். நாளைக்குக் கிளையில் ஏறி ஆலோசனை சொல்வார் போலிருக்கிறது" என்றார் வில்லவராயர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வேர் மதிலுக்கு அடியில் நுழைந்தது. அப்பால் பூசணிக்கொடிக்குக் கீழே மட்கிய சருகுமேட்டைக் கிளறியதும், இடியாப்பம் பிழிந்ததுபோல் வெள்ளை வேர்கள் எங்கும் அடர்ந்திருந்தன. காட்டு மரங்கள் எல்லாம் அங்கே பந்தியில் உட்கார்ந்திருந்தன.

"மண் மெலிந்த காடு, மன்னா. தாம் உதிர்த்த இலை மட்கினால்தான் மரங்களுக்குச் சாப்பாடு."

அரசர் திரும்பினார். "வில்லவராயரே, நீர்தான் எடுத்தீரா?"

"ஐயோ, நான் எதையும் தொடவில்லை. ஆட்கள் கொண்டுவந்து கொட்டினார்கள்."

"யார் சொல்லி?"

வில்லவராயர் பூசணியைப் பார்த்தார். சன்னமாக, "இலை கிடக்கக் கூடாது என்று... தாங்கள்தான்" என்றார்.



"நான் சொல்லவில்லை, மன்னா" என்றார் இளங்காரி. "வில்லவராயர் சொன்னார்."

அரசர் மதிலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கிரீடத்தைக் கழற்றிக் காவலன் கையில் கொடுத்துவிட்டு, "இரண்டு கூடை கொண்டு வா. பெரியது கைராசிக்காரருக்கு" என்றார்.

சுமந்து முடித்தபோது அரசரின் தலைமுடியெல்லாம் சருகுத்தூள். "இளங்காரி, உமக்கு என்ன வேண்டும்? கேளும்."

"காட்டைக் கூட்டுகிற விளக்குமாறுகள் எல்லாம் வேண்டும், மன்னா."

கிடைத்தன. அடுத்த மழைக்கு மருதம் தளிர்த்தது. தரை முழுக்கச் சருகு. அதன்மேல் அரசர் உலாவினார், செருப்புப் போட்டுக்கொண்டு.